போட்டிக்கு முன் கூடுதல் பயிற்சியா?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 13 வயது. 100, 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறாள். போட்டிக்கு 10 நாள்தான் இருக்கிறது. பயிற்சியாளர் தினசரி தூரத்தைப் பாதியாக்கிவிட்டார். இவளோ உடம்பு கனக்கிறது, தண்ணீர் பிடிபடவில்லை என்கிறாள். காலையில் நானே ஒரு மணி நேரம் கூடுதலாக நீந்த வைக்கட்டுமா?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். பயிற்சியாளர் செய்வதுதான் சரி.

இந்த 10 நாளில் புதிதாகத் திறன் எதுவும் கூடிவிடாது. மாதக்கணக்கில் சேர்த்தது உடம்பில் இருக்கிறது. கூடவே சேர்ந்த அசதி அதை மூடியிருக்கிறது. பயிற்சியைக் குறைத்தால் அசதி சீக்கிரம் வடியும், திறன் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. டேப்பர் என்று நீச்சல்காரர்கள் சொல்வது இதைத்தான். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்தைய 3 வாரங்களில் நீச்சல் வீரர்களின் நேரம் சராசரியாக 2 சதவீதத்துக்குச் சற்று மேல் முன்னேறியதாக ஓர் ஆய்வு உண்டு. 100 மீட்டரை 70 வினாடியில் முடிக்கிற பிள்ளைக்கு அது ஏறக்குறைய ஒன்றரை வினாடி! ஆனால் அவர்கள் சுமந்த அசதி வேறு. உங்கள் மகள் வயதில் ஒரு வாரம், 10 நாள் போதும்.

குறைய வேண்டியது தூரம் மட்டும். வேகமும், வாரத்தில் தண்ணீரில் இறங்கும் நாட்களும் குறையக் கூடாது. பந்தய வேகத்தில் சில 25, 50 மீட்டர்கள், நடுவே தாராளமான ஓய்வு, ஸ்டார்ட், டர்ன் என்று போகும். முழுசாக லீவு விட்டால்தான் தண்ணீர் நிஜமாகவே கைவிட்டுப் போகும். தூரம் குறைந்த முதல் சில நாட்களில் உடம்பு கனப்பது பலருக்கும் நடப்பதே. அதை அவள் பயிற்சியாளரிடமும் சொல்லட்டும். (உங்களிடம் சொன்னால் கூடுதல் வகுப்பு வருகிறதே!)

உங்கள் வேலை தூக்கம். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். மிச்சமான நேரத்தில் டியூஷனையோ ஓட்டத்தையோ நுழைக்காதீர்கள். பரீட்சைப் பதற்றமும் உடம்புக்குச் சுமைதான்.

அப்புறம், ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் கேளுங்கள். அதை நிமிடங்களால் பெருக்கிக் குறித்து வையுங்கள். 60 நிமிடம், மதிப்பெண் 5 என்றால் 300. இந்த எண் இறங்கிக்கொண்டே வந்தால் கவலை வேண்டாம். லேசான பயிற்சிக்கே தொடர்ந்து 8 சொன்னாலோ, கையைத் தூக்கும்போது தோள் வலித்தாலோ அது டேப்பர் கனம் அல்ல. அன்றே பயிற்சியாளரிடம் பேசுங்கள், தோளை மருத்துவரிடம் காட்டுங்கள்.