நகை அடகில் இருக்க, பணம் தங்கச் சுரங்கத்துக்கா?

கேள்வி: எனக்கு வயது 46. கடலூர் சிப்காட்டில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். மனைவி கட்டிய சீட்டு முடிந்து 6 லட்சம் வந்திருக்கிறது. வீட்டில் 38 பவுன் நகை உண்டு. அதில் ஒரு பகுதியை வங்கியில் வைத்து 1.80 லட்சம் கடன் வாங்கியிருக்கிறோம், வட்டி 9.5 சதவீதம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 'தங்கம் 10 சதவீதம் ஏறினால் சுரங்கப் பங்கு 30 சதவீதம் ஏறும், இனி நகை வாங்குவது வீண்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். கனடாவில் பட்டியலான ஒரு சிறிய கம்பெனியின் பெயரையும் கொடுத்திருக்கிறார்கள். பங்கு விலை 18 சென்ட், மண்ணுக்குள் 40 லட்சம் அவுன்ஸ் தங்கம் இருக்கிறதாம். 4 லட்சம் போடலாமா? நல்ல சுரங்கக் கம்பெனியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: 4 லட்சம் வேண்டாம். 30,000 போடலாம், அதுவும் இந்தக் கம்பெனியில் அல்ல.

முதலில் நகைக்கடனை முடியுங்கள். வருடத்துக்கு 17,100 ரூபாய் வட்டி போகிறது. இருக்கிற தங்கத்தை அடகில் விட்டுவிட்டு, தங்கம் ஏறும் என்று நம்பி இன்னொரு இடத்தில் பணம் போடுவது, வட்டிக்கு வாங்கிச் சூதாடுவதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. தவிர, 38 பவுன் என்பது 304 கிராம். உங்கள் குடும்பச் சொத்தில் தங்கத்தின் பங்கு ஏற்கெனவே அதிகம். சுரங்கப் பங்கு வாங்கினால் அதே கூடையில் இன்னும் சில முட்டைகளைத்தான் வைக்கிறீர்கள்.

இனி அந்த '10-க்கு 30' கணக்கு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மை. ஒரு சுரங்கம் ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் தங்கம் எடுக்க 1,500 டாலர் செலவழிக்கிறது, விற்பது 2,000 டாலருக்கு என்று வையுங்கள். மிச்சம் 500. தங்கம் 10 சதவீதம் ஏறி 2,200 ஆனால் மிச்சம் 700, லாபம் 40 சதவீதம் கூடிவிட்டது. இதே கம்பெனி 4,000 டாலருக்கு விற்கும் நிலையில் இருந்தால்? மிச்சம் 2,500. அங்கிருந்து தங்கம் 10 சதவீதம் ஏறினால் மிச்சம் 2,900, கூடியது 16 சதவீதம்தான். ஆக, செலவுக்கும் விலைக்கும் நடுவே இடைவெளி குறுகலாக இருக்கும் கம்பெனிதான் அதிகம் குதிக்கும். விலை இறங்கும்போது முதலில் மூச்சுத் திணறுவதும் அதுவேதான். ஏற்கெனவே விலை நன்றாக ஏறிய பிறகு உள்ளே போகிறவருக்கு 'மூன்று மடங்கு' என்பது வெறும் விளம்பரம்.

2025-ல் தங்கம் 60 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பெரிய சுரங்கப் பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் அமெரிக்க இடிஎஃப் (பங்குபோல சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) ஆன ஜிடிஎக்ஸ் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. குழுவில் இந்தப் படத்தைத்தான் போட்டிருப்பார்கள். 2011 செப்டம்பரிலிருந்து 2015 கடைசி வரை நடந்ததைப் போட்டிருக்க மாட்டார்கள். அப்போது தங்கம் 1,900 டாலரிலிருந்து 1,050 வரை, சுமார் 45 சதவீதம் இறங்கியது. ஜிடிஎக்ஸ் சுமார் 80 சதவீதம் இறங்கியது. 80 சதவீதம் இறங்கிய பங்கு பழைய இடத்துக்கு வர ஐந்து மடங்காக ஏற வேண்டும். அந்த இறக்கத்துக்கு தங்கத்தின் விலை மட்டும் காரணமில்லை. விலை உச்சத்தில் இருந்தபோது கம்பெனிகள் கடன் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு வேறு கம்பெனிகளை வாங்கின. கனடாவின் பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனியான பாரிக் 2011-ல் 700 கோடி கனடா டாலருக்கு மேல் கொடுத்து ஒரு செம்புக் கம்பெனியை வாங்கியது. சிலி-அர்ஜென்டினா எல்லை மலையுச்சியில் தொடங்கிய பாஸ்குவா லாமா சுரங்கத்தை 2013-ல் பாதியில் நிறுத்தியது. அதனால் விலை ஏறும் காலத்தில் நிர்வாகம் என்ன செய்கிறது என்று பாருங்கள்: கடனை அடைக்கிறதா, டிவிடெண்ட் தருகிறதா, இல்லை எதையாவது வாங்கித் தள்ளுகிறதா?

செலவைப் புரிந்துகொள்ள நீங்கள் கனடா வரை போக வேண்டியதில்லை, நெய்வேலியே போதும். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிப் போடுகிறார்கள். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாகப் பம்ப் போட்டு எடுக்கிறார்கள். தங்கத்திலும் இதே கதைதான், அளவுதான் மிரட்டும். ஒரு டன் பாறையில் ஒரு கிராம் தங்கம் இருக்கும் திறந்தவெளிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் 90 சதவீதம்தான் மீட்க முடிகிறது என்றால் ஒரு அவுன்ஸுக்கு கிட்டத்தட்ட 35 டன் தாதுப்பாறையை வெட்டி, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைக்க வேண்டும். ஒரு டன் தாதுவுக்கு நாலு டன் வெறும் பாறையை ஒதுக்க வேண்டியிருந்தால் மொத்தம் 170 டன்னுக்கு மேல் வெட்டிச் சுமக்கிறார்கள். இத்தனைக்கும் கிடைக்கும் ஒரு அவுன்ஸ், கிட்டத்தட்ட ஒரு நாலு பவுன் சங்கிலியின் எடைதான். டீசல், மின்சாரம், இரும்பு உருண்டை, டயர், கூலி எல்லாம் இந்த 170 டன்னுக்குள் இருக்கின்றன. தங்கம் ஏறும் ஆண்டுகளில் இவையும் கூடவே ஏறுவது வழக்கம். விலையோடு சேர்ந்து அரசுக்குக் கட்டும் ராயல்டியும் கூடும்.

இதையெல்லாம் ஒரே எண்ணில் காட்ட உலகத் தங்க கவுன்சில் 2013-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அறிக்கைகளில் ஏ.ஐ.எஸ்.சி என்று இருக்கும்: சுரங்கத்தை ஓட்டவும் இப்போதைய அளவில் தக்கவைக்கவும் ஒரு அவுன்ஸுக்கு ஆகும் மொத்தச் செலவு. முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான், ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். வருமான வரி இதில் வராது. கடன் வட்டி வராது. புதிய சுரங்கம் கட்டும் செலவு வராது. தங்கத்தோடு கிடைக்கும் செம்பை விற்ற பணத்தைச் செலவில் கழித்துக் காட்டும் கம்பெனிகளும் உண்டு. செம்பு விலை இறங்கினால் அவர்களின் 'மலிவான' தங்கம் ராத்திரியோடு ராத்திரியாக விலை கூடிவிடும். எனவே ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் ஐந்து வருட ஏ.ஐ.எஸ்.சி-யை எழுதி, பக்கத்திலேயே கையில் நின்ற ரொக்கத்தையும் எழுதுங்கள். தங்கம் ஏறிய வருடங்களில் ரொக்கம் ஏறவில்லை என்றால் அந்தக் கம்பெனியை விட்டுவிடலாம்.

அடுத்தது அந்த 40 லட்சம் அவுன்ஸ். சுரங்க உலகில் 'வளம்' வேறு, 'கையிருப்பு' வேறு. துளை போட்டுப் பார்த்ததில் இங்கே தங்கம் இருக்கிறது என்று மதிப்பிடுவது வளம். அதிலும் ஊகிக்கப்பட்டது, சுட்டப்பட்டது, அளவிடப்பட்டது என்று மூன்று படி. இவற்றில் எடுத்தால் லாபம் நிற்கும் என்று கணக்குப் போட்டு நிரூபித்த பகுதிக்கு மட்டும்தான் கையிருப்பு என்று பெயர். 18 சென்ட் கம்பெனிகள் கூவுவது பெரும்பாலும் முதல் படியான ஊகிக்கப்பட்ட வளத்தை. கனடாவில் என்.ஐ. 43-101 என்ற விதிப்படியான தொழில்நுட்ப அறிக்கை பொதுவெளியில் இருக்கும். அதில் கையிருப்பு அட்டவணையே இல்லையென்றால் அங்கே இன்னும் சுரங்கம் இல்லை, கனவுதான் இருக்கிறது. அந்த விதி வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. பிரீ-எக்ஸ் என்ற கனடா கம்பெனி இந்தோனேசியக் காட்டில் மலைபோல் தங்கம் கண்டதாகச் சொன்னது. பாறை மாதிரிகளில் தங்கத் துகளைக் கலந்திருந்தது 1997-ல் வெளிவந்தது. பங்கு ஒன்றுமில்லாமல் போனது.

கையிருப்பை எந்த விலையில் கணக்கிட்டார்கள் என்பதையும் பாருங்கள். 2024 கடைசியில் தங்கம் 2,600 டாலரை ஒட்டி இருந்தபோது பாரிக் தன் கையிருப்பை 1,400 டாலரிலும் இன்னொரு பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனியான நியூமான்ட் 1,700 டாலரிலும் கணக்கிட்டன. விலை சரிந்தாலும் அந்த அவுன்ஸ்கள் கணக்கில் நிற்கும். இன்றைய சந்தை விலையை அப்படியே போட்டுக் கையிருப்பை ஊதிக் காட்டும் கம்பெனியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கையிருப்பை ஆண்டு உற்பத்தியால் வகுத்தால் சுரங்கத்தின் ஆயுள் கிடைக்கும். பத்து வருடத்துக்குக் குறைந்தால், புதிய இடத்தைத் தேடும் செலவு சீக்கிரமே தலைக்கு மேல் வரும்.

சிறிய கம்பெனியில் இன்னொரு கண்ணியும் உண்டு. விற்க தங்கம் இல்லை, அதனால் வருமானமும் இல்லை. பிறகு சம்பளமும் துளை போடும் செலவும் எங்கிருந்து வரும்? புதுப் பங்குகளை விற்றுத்தான். கையில் 60 லட்சம் டாலர், வருடச் செலவு 1.2 கோடி என்றால் ஆறு மாதத்தில் பணம் தீரும். 20 கோடிப் பங்குகளோடு இன்னொரு 10 கோடி வெளியிட்டால் உங்கள் பாகம் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். நீங்கள் எதையும் விற்காமலேயே. காலாண்டு அறிக்கையில் ரொக்கத்தையும் மொத்தப் பங்கு எண்ணிக்கையையும் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் இது தெரிந்துவிடும்.

பெரிய கம்பெனிகளுக்கு இருக்கும் தலைவலி வேறு. சுரங்கத்தைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது. வளையமாதேவியில் 2023-ல் நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டியபோது எழுந்த எதிர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். உலகம் முழுக்க நிலமும் அரசும் இப்படித்தான் குறுக்கே வரும். மாலி அரசு தங்க ஏற்றுமதியைத் தடுத்ததால் 2025 ஜனவரியில் பாரிக் அங்கே தன் பெரிய சுரங்கத்தையே நிறுத்த வேண்டி வந்தது. பனாமாவில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்ததும் கோப்ரே பனாமா செம்புச் சுரங்கம் மூடப்பட்டது. அதை நடத்திய கம்பெனியோடு, அங்கிருந்து தங்கமும் வெள்ளியும் வாங்கிக்கொள்ள முன்பணம் கொடுத்திருந்த பிராங்கோ-நெவாடாவும் அடி வாங்கியது. ஒரே நாடு, ஒரே சுரங்கம் என்று நிற்கும் கம்பெனி வேண்டவே வேண்டாம்.

இந்தியாவிலேயே வாங்கலாமே என்றால், தேர்வு மிகக் குறைவு. கோலார் 2001 பிப்ரவரியோடு மூடப்பட்டது. ஹட்டி தங்கச் சுரங்கம் கர்நாடக அரசின் கம்பெனி, பங்குச் சந்தையில் இல்லை. பட்டியலில் இருக்கும் டெக்கான் கோல்டு மைன்ஸ் பல ஆண்டுகள் ஆய்வு நிலையிலேயே இருந்த கம்பெனி. ஆந்திரத்தின் ஜொன்னகிரி திட்டத்தில் அதற்குப் பங்கு உண்டு. மேலே சொன்ன சிறிய கம்பெனிக் கேள்விகள் அத்தனையும் இதற்கும் பொருந்தும். வெள்ளிக்கு ஹிந்துஸ்தான் ஜிங்க் இருக்கிறது, 2023-24-ல் 746 டன் வெள்ளி எடுத்தது. ஆனால் அது அடிப்படையில் துத்தநாகம்-ஈயக் கம்பெனி, வெள்ளி கூடவே வருவது. 2022-23-ல் பங்குக்கு 75.50 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்ததைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வருட லாபத்தைப் போல மூன்று மடங்கு அது. சேமித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள், வருடா வருடம் வராது. நகைக்கடைப் பங்கும் நகைக்கடன் கம்பெனிப் பங்கும் சுரங்கப் பங்கு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எனவே உங்களுக்கு ஃபண்ட் வழிதான் சரி. டிஎஸ்பி மியூச்சுவல் ஃபண்டின் உலகத் தங்கச் சுரங்க ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் 2007 முதல் இருக்கிறது. ரூபாயில் கட்டலாம், பணத்தின் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனமான பிளாக்ராக்கின் உலகத் தங்க ஃபண்டுக்குப் போகும். இரண்டு அடுக்குக் கட்டணம் இருப்பதால், முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானையே எடுங்கள். இந்திய ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் உச்சவரம்பு உண்டு. அது நிரம்பும்போது புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 24 மாதத்துக்குப் பிறகு விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதப்படி. நேரடியாக அமெரிக்கப் பங்கு வாங்கினால் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியை வருடா வருடம் நிரப்ப வேண்டும். 30,000 ரூபாய்க்கு அந்த வேலை தேவையில்லை.

6 லட்சத்தை இப்படிப் பிரியுங்கள். 1.80 லட்சம் நகைக்கடனுக்கு. 3.40 லட்சம் மகளின் படிப்புக்கு: 1.70 லட்சமாக இரண்டு வைப்புத்தொகை, முதல் வருடச் சேர்க்கை மாதத்தில் ஒன்றும் அடுத்த வருடம் ஒன்றும் முதிர்வது மாதிரி. ஒன்றரை வருடத்தில் தேவைப்படும் பணத்துக்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. 50,000 அவசரத்துக்கு சேமிப்புக் கணக்கில். மிச்சம் 30,000-ஐ மாதம் 3,000 வீதம் பத்து மாதம் அந்த ஃபண்டில் போடுங்கள். அது பாதியானாலும் வீட்டில் யாருடைய தூக்கமும் கெடாது என்பதுதான் இந்தத் தொகைக்கான கணக்கு. என்றாவது அது இரண்டு மடங்கானால் போட்ட 30,000-ஐ வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை ஓட விடுங்கள்.

வாட்ஸ்அப் குழு நடத்துபவரிடம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு எண் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் எண் ஐ.என்.ஏ என்றும், ஆய்வாளர் எண் ஐ.என்.எச் என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பங்குக்கான பணம் வங்கி வழியாக மட்டுமே போக முடியும். யாராவது யுபிஐ எண்ணோ தனியார் கணக்கோ கொடுத்தால் அதோடு வெளியே வந்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். நகையை மீட்கப் போகும்போது அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே ஒவ்வொரு உருப்படியையும் எடை பார்த்து வாங்குங்கள்.