வீட்டுப் பராமரிப்பு: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் இரண்டாங்கட்டை ஒட்டிய கூடத்தை ஜிப்சம் போர்டால் தடுத்து அறையாக்கி, வால்பேப்பர் ஒட்டியிருந்தோம். இப்போது ஓரமெல்லாம் கிளம்பிவிட்டது. பெயின்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார். போர்டு கெடாமல் உரிக்க வழி உண்டா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தேய்க்க விடாதீர்கள். ஜிப்சம் போர்டின் மேல்தோலும் காகிதம்தான். உள்ளே இருக்கும் மாவுக்கட்டியைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தாள். காகிதத்தின் மேல் ஒட்டிய காகிதத்தை உரிக்கப் போகிறோம் என்பது நினைவிருந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் நகத்தால் கிளப்பிப் பாருங்கள். வினைல் தாளாக இருந்தால் மேலே உள்ள பிளாஸ்டிக் தோல் தனியாக வரும், அடித்தாள் சுவரிலேயே நிற்கும். தோலை உங்களை நோக்கி இழுக்காமல், சுவரை ஒட்டினாற்போல் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். தோல் இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. அது வர மறுக்கிறது என்று முள் உருளையால் குத்திவிடுபவர்கள் உண்டு. சிமென்ட் சுவரில் அது செல்லும். இங்கே முள் போர்டின் தாளையும் துளைத்துவிடும்.

அந்த அறையின் மின்சாரத்தை எம்.சி.பி.யில் அணைத்து, சுவிட்ச் பெட்டிகளை டேப்பால் மூடுங்கள். தரை ஆத்தங்குடிக் கல் என்றால் தார்ப்பாய் விரித்து அதன் மேல் பழைய போர்வை போடுங்கள். பசை கலந்த தண்ணீர் கல்லில் காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டிவரும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் போதும். கைப்பம்பில் பனிபோலத் தெளியுங்கள். வழிய விட்டால் தண்ணீர் போர்டின் கீழ் விளிம்பில் ஏறி ஊதிவிடும். ஒரே நேரத்தில் மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் நனைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் தெளித்த தண்ணீர் ஊறுவதற்குள் காய்ந்துவிடும். அதனால் மின்விசிறியை நிறுத்தி, நனைத்த இடத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை தெளித்து, மீண்டும் ஐந்து நிமிடம்.

உரிக்க நாலு அங்குலப் பட்டித் தகடு எடுங்கள். அதன் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். போர்டில் கோடு விழுவது பெரும்பாலும் அந்த முனைகளால்தான். தகட்டைச் சுவரோடு படுக்க வைத்துத் தள்ளுங்கள். கை அழுத்த வேண்டி வந்தால் ஊறவில்லை என்று அர்த்தம், மறுபடி நனையுங்கள். ஆவி இயந்திரம் வேண்டாம். அந்தச் சூடு போர்டின் தாளையும் சேர்த்துக் கிளப்பும்.

நனைத்த பிறகும் போர்டின் பழுப்பு நிறத் தாள் சேர்ந்து கிழிந்து வருகிறதென்றால், பிரைமர் அடிக்காமல் வெறும் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே பிடிவாதம் வேண்டாம். கிளம்பிய ஓரங்களை மட்டும் வெட்டி எடுத்து, எண்ணெய் பிரைமர் அடித்து, மேலே பட்டி பார்ப்பதே லாபம்.

தாள் முழுதும் வந்த பின் ஈர விரலால் தடவுங்கள். வழவழத்தால் பசை மிச்சம். அதை விட்டு பெயின்ட் அடித்தால் வெடித்து உரியும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் இரண்டு மூன்று முறை துடையுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு முழுதாக ஒரு நாள் காயட்டும்.

கிழிந்த இடங்களில் நேராகப் பட்டி வைத்தால் ஈரம் பட்டுக் குமிழி கிளம்பும். பிசிறைப் பிளேடால் அறுத்து, எண்ணெய் பிரைமர் ஒரு கை அடித்து, 24 மணி நேரம் விடுங்கள். அதன் மேல் ஜிப்சம் இணைப்புகளுக்கென விற்கும் கலவையை மெல்லிசாக இரண்டு முறை இழுத்து, 180, பிறகு 220 எண் உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள்.

கேள்வி: முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஸ்டிக்கர் தாள் ஒட்டிவிட்டார்கள். அதற்கும் இதே முறையா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. ஸ்டிக்கர் பசை தண்ணீரில் கரையாது. தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் காட்டி, பசை இளகியதும் அங்குலம் அங்குலமாக இழுங்கள். வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் படக்கூடாது. புளிப்பு சுண்ணாம்பை அரித்துப் பளபளப்பைத் தின்றுவிடும். தாளோடு பூச்சுத் துகள் வர ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.