குளிர்காலப் பகலில் பெரிய கார்ப்: இரையைக் குறையுங்கள், இடத்தைத் தேடுங்கள்

கேள்வி: கோடையில் ஏரியின் ஒரு மூலையில் தாராளமாக இரை தூவிவிட்டு உட்கார்ந்தால் கார்ப் கெண்டை தானாக வந்து சிக்கும். குளிர்காலத்தில் அதே இடத்தில் அதே இரையைப் போட்டாலும் காலையிலிருந்து மாலை வரை தூண்டில் நரம்பில் ஓர் அசைவுகூட இல்லை. எனக்கு ஒரு பகல்தான் கிடைக்கும். பெரிய மீன் ஒன்றைப் பிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த இடத்தையும் இரையின் அளவையும் மாற்றுங்கள்.

நீர் குளிரக் குளிர கார்ப்பின் உடல் இயக்கம் மந்தமாகும். அதற்கு இரைப்பையே கிடையாது. செரிமானம் முழுவதும் குடலில்தான். குளிரில் தின்ற கொஞ்சமும் செரிக்க நெடுநேரம் பிடிக்கும். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பசி நன்றாகக் குறைந்துவிடும். 5 டிகிரியை நெருங்கிவிட்டால், நாளில் சிறிது நேரம் இரை எடுத்தாலே பெரிது. இந்த நிலையில் கிலோ கணக்கில் இரை தூவினால், நீங்களே மீனுக்கு விருந்து வைத்துத் தூண்டிலை மறக்கடிப்பதாகத்தான் ஆகும்.

இடம்தான் முக்கியம். குளிரில் கார்ப் ஏரி முழுக்கச் சுற்றாது, கூட்டமாக ஒரே பகுதியில் ஒதுங்கிக் கிடக்கும். "ஆழத்தில் போடு" என்று பலரும் சொல்வார்கள். நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி என்பதால், மேலே பனி உறைந்த ஆழமான ஏரியில் அடிநீர்தான் சற்றுக் குளிர் குறைவு; அதற்கு அது பொருந்தும். காற்று கலக்கிவிடும் ஆழமில்லாத ஏரியில் மேலுக்கும் அடிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அங்கே காற்று படாமல் வெயில் விழும் கரை, நாணல் ஓரம், நீரில் சாய்ந்த மரம் இவற்றைப் பாருங்கள். போனதும் தூண்டிலை வீசாமல் ஒரு மணி நேரம் கரையைச் சுற்றுங்கள். பாசி அடங்கி நீர் தெளிந்திருக்கும்; நீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி போட்டால் மீனையே பார்த்துவிடலாம். ஒரு புரளல், ஒரு குமிழி வரிசை போதும். எதுவுமே தென்படவில்லையா? ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நகருங்கள். அதற்காகவே சாமான்களைக் குறைத்து எடுத்துப் போங்கள்.

இரைக்கு அவ்வளவு யோசிக்க வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில் சிறிய பாய்லி (வேகவைத்த மாவு உருண்டை இரை) ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு மக்காச்சோள மணி. சுற்றிலும் தூவ வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி ஈப்புழு, அல்லது நீரில் கரைந்துவிடும் பிவிஏ பையில் கொஞ்சம் பொடி. எண்ணெய் மிகுந்த இரை குளிரில் இறுகி மணம் பரவாது, அதைத் தவிருங்கள். தூண்டில் முள் 8 அல்லது 10ஆம் எண் போதும். கார்ப் இப்போது இழுத்துக்கொண்டு ஓடாது. நரம்பு அசைந்தால் ஒலிக்கும் அலாரம் ஒரே ஒரு முறை 'பீப்' என்றாலும் எழுந்து பாருங்கள். அது அடிக்கடி கேட்டும் மீன் மாட்டவில்லையென்றால், மீன் நடு நீரில் நின்று நரம்பில் உரசுகிறதோ என்னவோ. அப்போது ஜிக் ரிக் (இரையை நடு நீரில் மிதக்கவிடும் நரம்புக் கட்டு) கட்டி இரையை அடியிலிருந்து உயர்த்திப் பாருங்கள்.

போகும் நாளை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால், திடீரென்று குளிர் இறங்கிய நாளை விட்டுவிடுங்கள். இதமான, மேகமூட்டமான நாள்கள் தொடர்ந்து இரண்டு மூன்று வந்தால் அடுத்த நாள் போங்கள். பெரும்பாலும் நண்பகலிலிருந்து இருட்டும் வரைதான் வாய்ப்பு. விடியற்காலையில் எழுந்து நடுங்க வேண்டியதில்லை.

அப்புறம், பெரியதை மட்டும் பொறுக்கிப் பிடிக்கும் வித்தை எதுவும் கிடையாது. பெரிய மீன் உண்டென்று தெரிந்த நீரில் போடுங்கள், கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள், அவ்வளவுதான். சிக்கிவிட்டால் மீனைக் கிடத்தும் மெத்தையையும் கையையும் நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். உறைபனி அடிக்கும் நாளில் செவுள் சீக்கிரம் பாதிக்கப்படும். படம் எடுப்பதானால் கேமராவை முன்பே தயாராக வைத்து, ஓரிரண்டு எடுத்ததும் நீரில் விட்டுவிடுங்கள்.