‘அப்புறம் கூப்பிடுறேன்’ ஆங்கிலத்தில் எப்படி? எதிர்காலம் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நாளைய பேச்சைப் பற்றியவை. திட்டம், வாக்குறுதி, கணிப்பு எல்லாவற்றுக்கும் ‘வில்’ போட்டு ஒப்பேற்றலாமா என்பதுதான் பலருடைய சந்தேகம். எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காதில் விழும்போது வேறுபாடு சீக்கிரம் பிடிபடும்.

‘வில்’, ‘கோயிங் டு’ இரண்டும் எதிர்காலம்தானே? தொடக்கநிலை 6 படிக்கும் மகனுக்கு இதில் மதிப்பெண் போகிறது. எப்படி விளக்குவது? (செங்காங்)

எப்போது முடிவெடுத்தோம் என்பதை வைத்து விளக்குங்கள். கோப்பிக் கடை முகப்பில் நின்று ‘எனக்கு ஒரு கோப்பி ஓ’ (பால் கலக்காத கோப்பி) என்று அந்த நொடியில் முடிவு செய்தால் ‘ஐ வில் ஹேவ் எ கோப்பி ஓ’. வீட்டிலிருந்து கிளம்பும்போதே தோசை என்று மனதில் முடிவாகிவிட்டால் ‘ஐ ஆம் கோயிங் டு ஹேவ் தோசை’. சனிக்கிழமை 11 மணிக்குத் தேக்காவில் சந்திப்பதாக மச்சானிடம் சொல்லி, அவரும் சரி என்றுவிட்டால், அது இரண்டு பேர் சேர்ந்து செய்த ஏற்பாடு. அதற்கு ‘ஐ ஆம் மீட்டிங் மை பிரதர்-இன்-லா ஆன் சாட்டர்டே’ என்று நிகழ்காலத் தொடரே போதும்.

தமிழ் இங்கே பாதி உதவும், பாதி காலை வாரும். ‘போகப் போறேன்’ என்பதும் ‘கோயிங் டு’ என்பதும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். சிக்கல் ‘-றேன்’ என்று முடியும் சொற்களில்தான். ‘சனிக்கிழமை தேக்கா போறேன்’ என்றால் ஏற்பாடு. ‘இருங்க, நான் எடுக்கிறேன்’ என்று அடிக்கிற தொலைபேசியை நோக்கி ஓடினால் அந்த நொடி முடிவு. தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஐ ஆம் கோயிங்’, இரண்டாவது ‘ஐ வில் கெட் இட்’. ‘அப்புறம் கூப்பிடுறேன்’ என்பதும் இரண்டாவது வகைதான்: ‘ஐ வில் கால் யூ லேட்டர்’. அதை ‘ஐ ஆம் காலிங் யூ லேட்டர்’ என்றோ, நம்மூர்ப் பேச்சில் ‘ஐ கால் யூ லேட்டர்’ என்றோ சொல்லிப் பழகியவர்கள் எழுத்திலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மகனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: வாயைத் திறப்பதற்கு முன்பே அது கைப்பேசி நாட்காட்டியில் ஏறியிருக்குமா? ஏறியிருக்கும் என்றால் நிகழ்காலத் தொடர். இல்லையென்றால் ‘வில்’.

கணிப்பில் அளவுகோல் வேறு. கண்ணெதிரே சான்று இருந்தால் ‘கோயிங் டு’: கருமேகத்தைக் காட்டி ‘மழை பெய்யப் போகுது’, ‘இட் இஸ் கோயிங் டு ரெய்ன்’. அனுபவத்தை வைத்தோ கருத்தாகவோ சொன்னால் ‘வில்’: ‘டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, நிறையப் பெய்யும்’, ‘இட் வில் ரெய்ன் எ லாட் இன் டிசம்பர்’. வினாத்தாளில் துப்பு வாக்கியத்திலேயே இருக்கும். ‘லுக்!’, ‘லுக் அட் தோஸ் கிளவுட்ஸ்’ என்று வந்தால் ‘கோயிங் டு’. ‘ஐ திங்க்’, ‘ப்ராபப்ளி’, ‘ஐ ப்ராமிஸ்’ என்று வந்தால் ‘வில்’. துப்பே இல்லாத வாக்கியத்தில் இரண்டும் பொருந்தும். அங்கே டியூஷன் ஆசிரியரோடு சண்டை வேண்டாம்.

பேருந்து, விமானம் பற்றிப் பேசும்போது ‘லீவ்ஸ்’ என்கிறார்களே, ‘வில்’ எங்கே போனது? (உட்லண்ட்ஸ்)

அட்டவணையில் அச்சானதற்கு எளிய நிகழ்காலமே போதும்: ‘மை ஃப்ளைட் லீவ்ஸ் அட் நைன் டுமாரோ’. இது உங்கள் திட்டம் அல்ல, விமான நிறுவனத்தின் அட்டவணை. உங்கள் பயணத்தைச் சொல்லும்போது மட்டும் ‘ஐ ஆம் ஃப்ளையிங் டு திருச்சி டுமாரோ’.

‘எவ்ரி மன்டே ஐ வில் செண்ட் த ரிப்போர்ட்’ என்று எழுதினேன். மேலாளர் ‘வில்’லை அடித்துவிட்டார். திங்கட்கிழமை இனிமேல்தானே வரும்? (பிடோக்)

மேலாளர் செய்தது சரி. தமிழின் ‘-வேன்’, ‘-ப்பேன்’ எதிர்காலத்தை மட்டும் காட்டுவதில்லை, வழக்கத்தையும் காட்டும். ‘தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்பதில் எதிர்காலமே கிடையாது, அது வழக்கம். அப்படியே மொழிபெயர்த்தால் ‘வில்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு எளிய நிகழ்காலம்: ‘ஐ செண்ட் த ரிப்போர்ட் எவ்ரி மன்டே’. நீங்கள் எழுதியதைப் படிப்பவர், இதுவரை அனுப்பவில்லை, இனிமேல் அனுப்புவதாக வாக்குக் கொடுக்கிறார் என்று நினைப்பார். வேலை இடத்தில் இந்தத் தவறு கொஞ்சம் விலை கூடியது.

கடந்தகால வழக்கத்திலும் இதே பொறி உண்டு. ‘சின்ன வயசுல கம்பத்துல (கிராமத்துல) ஓடி விளையாடுவோம்’ என்பதற்கு ‘வீ யூஸ்ட் டு ப்ளே’. ‘வீ வில் ப்ளே’ என்றால் கேட்பவர் குழம்புவார்.

‘வென் யூ வில் ரீச் ஹோம், கால் மீ’ என்பதில் என்ன பிழை? வீடு சேர்வது எதிர்காலம்தானே. (ஈசூன்)

‘வென்’, ‘இஃப்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’ இவற்றுக்குப் பின்னால் வரும் காலப் பகுதியில் ‘வில்’ நுழையாது. ‘வென் யூ ரீச் ஹோம், கால் மீ’ என்றால் போதும். தமிழையே கவனியுங்கள்: ‘வீட்டுக்குப் போனதும் கூப்பிடு’ என்கிறோம், யாரும் ‘போவதும் கூப்பிடு’ என்பதில்லை. தமிழும் அந்த இடத்தில் எதிர்காலத்தை விரட்டிவிடுகிறது. தமிழ் இறந்தகாலத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஆங்கிலம் நிகழ்காலத்தை. ‘மழை பெஞ்சா வரமாட்டேன்’ என்பதும் ‘இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வோன்ட் கம்’ என்பதும் அதே அச்சுதான்.

‘வென்’ கேள்விச் சொல்லாக வந்தால் கதை வேறு. ‘ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம்’ என்பது சரி. அங்கே ‘எப்போது வருவான்’ என்பது கேள்வி, ‘வந்ததும்’ அல்ல. இரண்டுக்கும் ஒரே ‘வென்’ என்பதால் குழப்பம். தமிழில் சொல்லிப் பார்த்தால் பிரிந்துவிடும்.

எங்கள் புளோக்கில் ‘த லிஃப்ட் வுட் பி க்ளோஸ்ட் ஆன் டியூஸ்டே’ என்று அறிவிப்பு. ‘வுட்’ மரியாதையான ‘வில்’ என்று நினைத்தேன். சரியா? (தோ பாயோ)

சரியில்லை, ஆனால் சிங்கப்பூரில் மிகப் பரவலான பிழை. மின்தூக்கி அறிவிப்பிலிருந்து திருமண அழைப்பு மின்னஞ்சல் வரை பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை மூடுவது உறுதி என்றால் ‘வில் பி க்ளோஸ்ட்’. ‘வுட்’ போட்டால் கவனமான வாசகர் ‘எது நடந்தால்?’ என்று கேட்பார். காரணம், ‘வுட்’டுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ‘இஃப் வீ ஹேட் த பட்ஜெட், வீ வுட் ரீப்ளேஸ் த லிஃப்ட்’. அதாவது பணம் இல்லை, மாற்றப் போவதும் இல்லை.

மரியாதை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ‘வுட் யூ லைக் சம் டீ?’, ‘வுட் யூ ப்ளீஸ் வெய்ட்?’ என்ற கேள்விகளிலிருந்து. வேண்டுகோளிலும் உபசரிப்பிலும் ‘வுட்’ மென்மை தரும். தகவல் சொல்லும் வாக்கியத்தில் அது மென்மை தராது, உறுதியைக் குறைக்கும். ‘வீ வுட் டெலிவர் யுவர் சோஃபா ஆன் ஃப்ரைடே’ என்று கடைக்காரர் எழுதினால், வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்கலாமா கூடாதா என்றே தெரியாது.

‘வுட்’ சரியாக அமரும் இன்னோர் இடம் உண்டு. ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது ‘வில்’ பின்னுக்கு நகரும்: அவர் சொன்னது ‘ஐ வில் கம்’, நாம் சொல்வது ‘ஹீ செட் ஹீ வுட் கம்’. கூட்டக் குறிப்பு எழுதுபவர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் வடிவம் இது. குறிப்பிலிருந்து அறிவிப்புக்கு வெட்டி ஒட்டும்போது ‘வுட்’டை ‘வில்’லாக மாற்ற மறப்பதாலும் இந்தப் பிழை பரவுகிறது.

ஓ லெவல் வாய்மொழித் தேர்வில், காணொளி பார்த்துவிட்டுப் பேசும் பகுதியில் ‘இன் த ஃபியூச்சர், பீப்பிள் வில்... வில்... வில்...’ என்றே வருகிறது. மாற்று என்ன? (சுவா சூ காங், உயர்நிலை 4)

உங்களுக்குத் தேவை ‘வில்’லுக்கு மாற்றுச் சொல் அல்ல, உறுதியின் அளவைக் காட்டும் சொற்கள். நிச்சயம் நடக்கும் என்றால் ‘இஸ் பவுண்ட் டு’. பெரும்பாலும் என்றால் ‘வில் ப்ராபப்ளி’ அல்லது ‘இஸ் லைக்லி டு’. நடக்கலாம் என்றால் ‘மே’, ‘மைட்’, ‘குட்’. பொதுவாக எதிர்பார்க்கப்படுவது என்றால் ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு’: ‘சாங்கி டெர்மினல் ஃபைவ் இஸ் எக்ஸ்பெக்டட் டு ஓப்பன் இன் த மிட்-2030ஸ்’. தேதி முடிவாகியிருந்தால் ‘இஸ் டியூ டு’. வானிலை அறிவிப்பில் ‘தண்டரி ஷவர்ஸ் ஆர் எக்ஸ்பெக்டட்’ என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். கணிப்பவர் வார்த்தையைக் கொஞ்சம் தளர்த்தி விடுகிறார்.

மூன்று இடங்களில் வழுக்கும். ‘ப்ராபப்ளி’ என்பது ‘வில்’லுக்குப் பின்னால், ‘வோன்ட்’டுக்கு முன்னால்: ‘தே வில் ப்ராபப்ளி அக்ரீ’, ‘தே ப்ராபப்ளி வோன்ட் அக்ரீ’. அடுத்து, ‘அவன் வரமாட்டான்னு நினைக்கிறேன்’ என்பதில் தமிழ் எதிர்மறையை ‘வா’ என்ற வினைக்குக் கொடுக்கிறது. ஆங்கிலம் அதை ‘திங்க்’குக்குக் கொடுப்பதுதான் இயல்பு: ‘ஐ டோன்ட் திங்க் ஹீ வில் கம்’. மூன்றாவது, ‘கண்டிப்பா’ என்பதை ‘ஷ்யூர்லி’ என்று மாற்றாதீர்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஷ்யூர்லி ஹீ வில் கம்’ என்றால் ‘வராமல் இருப்பானா என்ன?’ என்ற ஐயம் கலந்த தொனி. ‘டெஃபினட்லி’தான் நம் ‘கண்டிப்பா’. ‘கன்ஃபர்ம் வில் ரெய்ன்’ கோப்பிக் கடையில் நன்றாக எடுபடும், தேர்வு அறையில் எடுபடாது.

வேலை நேர்காணலில் ‘ஐந்து ஆண்டில் எங்கே இருப்பீர்கள்?’ என்று கேட்டால் ‘ஆஃப்டர் ஃபைவ் இயர்ஸ் ஐ வில் பிகம் மேனேஜர்’ என்று சொல்லலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

இரண்டு திருத்தம். முதலாவது, மேலாளர் ஆவது உங்கள் கையில் மட்டும் இல்லை. ‘வில்’ போட்டால் ஜோசியம் போலவோ தற்பெருமை போலவோ ஒலிக்கும். ‘ஐ வுட் லைக் டு பி லீடிங் எ ஸ்மால் டீம்’ அல்லது ‘ஐ ஹோப் டு’ என்று ஆசையாகச் சொல்லுங்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்: ‘ஐ ஆம் டேக்கிங் எ சேஃப்டி கோர்ஸ் இன் மார்ச்’. பணம் கட்டிப் பதிந்த பயிற்சி என்றால் அந்த வடிவமே அதைக் காட்டிவிடும்.

இரண்டாவது, இப்போதிலிருந்து எண்ணும்போது ‘ஆஃப்டர்’ வேண்டாம், ‘இன்’ போடுங்கள்: ‘இன் ஃபைவ் இயர்ஸ்’.

‘பை’, ‘அன்டில்’, ‘வித்தின்’ எல்லாம் குழப்புகின்றன. கெடு பற்றிய மின்னஞ்சலில் எதைப் போடுவது? (தெம்பனிஸ்)

‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று தமிழில் வந்தால் ‘பை ஃப்ரைடே’. ‘வெள்ளிக்கிழமை வரை’ என்று வந்தால் ‘அன்டில் ஃப்ரைடே’. படிவத்தை ஒருமுறைதான் கொடுப்போம், ஆகவே ‘சப்மிட் பை ஃப்ரைடே’. கடை தொடர்ந்து திறந்திருக்கும், ஆகவே ‘ஓப்பன் அன்டில் ஃப்ரைடே’. ‘சப்மிட் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரை விடாமல் கொடுத்துக்கொண்டே இரு என்று பொருள்.

‘இன் டூ வீக்ஸ்’ என்றால் இன்றிலிருந்து இரண்டு வாரம் கழியும் நேரம். ‘வித்தின் டூ வீக்ஸ்’ என்றால் அதற்கு முன் எந்த நாளிலும். தமிழின் ‘இரண்டு வாரத்தில்’ இரண்டையும் குறிக்கும். வீட்டுப் புதுப்பிப்புப் பணி செய்பவர் அப்படிச் சொன்னால், எந்தப் பொருளில் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ எப்போதுமே வம்பு. சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு அடுத்த வாரம். தேதியை எழுதிவிடுங்கள்.

நான் ‘ஐ வோன்ட் டேக் இட்’ என்றேன். கேட்டவர் ‘வான்ட்’ என்று எடுத்துக்கொண்டு பொட்டலம் கட்டிவிட்டார். (லிட்டில் இந்தியா)

‘வோன்ட்’டில் ‘ஓ’ நெடிலாக, உதடு குவிந்து வர வேண்டும். ‘வான்ட்’டில் வாய் திறந்து குறுகிய ஒலி. ஐயம் இருந்தால் ‘வில் நாட்’ என்று பிரித்தே சொல்லுங்கள், அல்லது ‘நோ, ஐ ஆம் நாட் டேக்கிங் இட்’. மறுப்பில் தெளிவுதான் முக்கியம்.

இதே ‘வோன்ட்’ இப்போதைய பிடிவாதத்தையும் சொல்லும். ‘கதவு திறக்க மாட்டேங்குது’ என்பதற்கு ‘த டோர் வோன்ட் ஓப்பன்’. எதிர்காலமே இல்லை. கதவுக்கும் காருக்கும் மனம் இருப்பது போல இரண்டு மொழியும் பேசுகின்றன.

பிடிஓ வீட்டுச் சாவி (பதிந்த பிறகு கட்டித் தரப்படும் அரசாங்க வீடு) கைக்கு வருவதற்குள் நாங்கள் நான்கு ஆண்டு வாடகை கட்டியிருப்போம். இதை எப்படிச் சொல்வது? (பொங்கோல்)

‘கட்டியிருப்போம்’ என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள்: ‘பை த டைம் வீ கெட் த கீஸ், வீ வில் ஹேவ் பெய்ட் ரென்ட் ஃபார் ஃபோர் இயர்ஸ்’. ‘-இருப்போம்’ என்று முடிந்தால், பெரும்பாலும் ‘வில் ஹேவ்’ என்று போட்டு ‘பெய்ட்’ போன்ற மூன்றாம் வினைவடிவத்தைச் சேர்த்தால் சரியாக அமையும். ‘பை த டைம்’ பகுதியில் ‘வில்’ வராததைக் கவனியுங்கள், ஈசூன் வாசகருக்குச் சொன்ன அதே விதி.

‘போயிட்டு வரேன்’ என்பதற்கு ‘ஐ வில் கோ அண்ட் கம்’? (பாசிர் ரிஸ்)

வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். வெளியாரிடம், திரும்பி வரப்போவதாக இருந்தால் ‘ஐ வில் பி பேக்’ அல்லது ‘பேக் இன் டென் மினிட்ஸ்’. விடைபெறுவதாக இருந்தால் ‘ஐ ஆம் ஆஃப், சீ யூ’.