உலோகத்தின் ஆற்றல் பட்டை அமைப்பு என்றால் என்ன? அதை எப்படி அளக்கிறார்கள்?

உலோகத்துக்குள் எந்த உந்தமுள்ள எலக்ட்ரானுக்கு என்ன ஆற்றல் இருக்கலாம் என்று காட்டும் வரைபடம்தான் பட்டை அமைப்பு. ஒரே கயிற்றில் கட்டிய ஊஞ்சல்களின் அலைவெண் பலவாகப் பிரிவதுபோல, நெருங்கிய அணுக்களின் ஆற்றல் மட்டமும் பிளந்து பட்டையாக விரிகிறது.

அளக்க, படிகத்தின்மேல் 21.2 எலக்ட்ரான் வோல்ட் (மிகச்சிறிய ஆற்றல்களை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, வெளியேறும் எலக்ட்ரான்களின் வேகத்தையும் கோணத்தையும் பதிவுசெய்கிறார்கள். வேகம் ஆற்றலைச் சொல்லும். கோணமோ பரப்புக்கு இணையான உந்தத்தை மட்டுமே தரும். செங்குத்து உந்தத்துக்கு ஒளியின் ஆற்றலை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். மேலுள்ள சில அணு அடுக்குகளிலிருந்தே எலக்ட்ரான்கள் தப்பி வருவதால், மெல்லிய அழுக்குப் படலமே படத்தைக் குலைத்துவிடும். மீஉயர் வெற்றிடம் கட்டாயம்.

பட்டை அமைப்பைக் கணினியிலும் கணக்கிடலாம், ஆனால் அதை அப்படியே நம்பக்கூடாது: செம்பின் டி பட்டைகளை (அணுவின் டி வகை எலக்ட்ரான் மட்டங்களிலிருந்து உருவாகும் பட்டைகளை) வழக்கமான கணக்கீட்டு முறைகள் அளந்ததைவிடச் சுமார் அரை எலக்ட்ரான் வோல்ட் மேலே காட்டும்.

பட்டை என்பது உலோகத்துக்குள் இருக்கும் ஓர் இடமல்ல. ஆற்றலின் வீச்சு மட்டுமே.