மாதிரி செய்முறைக் கட்டுரைக்குப் படங்களை எவ்வாறு எடுப்பது?

மட்டக்களப்பில் 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தை அட்டையில் செய்து முடித்துவிட்டதாகவும், செய்முறையை எழுத உட்கார்ந்தபோது முடிந்த மாதிரியின் படங்கள் மட்டுமே கைவசம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படங்கள் ஆசையைத் தூண்டுமே தவிர வழி காட்டமாட்டா. ஆகவே பாலத்தின் ஒரு சட்டகத்தையாவது மீண்டும் வெட்டி, பசை பூசுவதற்கு முன், சாய்வுத் துண்டு இணைப்புத் தகட்டில் எந்தக் கோணத்தில் அமர்கிறது என்பதை, பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து, மிக அருகில் படமெடுங்கள். உச்சி வெயிலில் வெள்ளை அட்டையின் விளிம்புகள் வெளிறிவிடும் (மட்டக்களப்பு வெயிலைச் சொல்லவும் வேண்டுமா!), விறாந்தை நிழலே போதும். அளவுத்திட்டத்தைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள்: 1:100 என்றால் பாலத்தின் ஒரு மீற்றர் மாதிரியில் ஒரு சென்ரிமீற்றராகும். ஒளிப்படத்தில் மறைந்துபோகும் உட்புற இணைப்புகளுக்குக் கோட்டுப்படமே பொருத்தமானது. அதில் துண்டுகளுக்கு இட்ட இலக்கங்களையே எழுத்திலும் பயன்படுத்துங்கள்.