‘நீட்ஃபுல்’ செய்யுங்கள் என்றால் எதைச் செய்வது?

கேள்வி: ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’ என்று ஒரு மெயிலை முடித்திருந்தேன். ‘நீட்ஃபுல் என்று எதைச் சொல்கிறீர்கள்?’ என்று அமெரிக்க கிளையண்ட் திருப்பிக் கேட்டுவிட்டார். நான் எழுதியது தப்பா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: தப்பில்லை, பழசு. ‘நீட்’ என்றால் தேவை. ‘ஃபுல்’ என்ற விகுதி சேர்ந்து ‘தேவையான’ என்று ஆகிறது. ‘நெசசரி’ லத்தீனிலிருந்து வந்து குடியேறிய சொல். ‘நீட்ஃபுல்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. உங்கள் கிளையண்ட்டின் நாட்டு அரசியல் சட்டத்திலேயே அது இருக்கிறது. 1787இல் எழுதிய அந்தச் சட்டம் ‘தேவையான கட்டடங்கள்’ என்று ஓரிடத்திலும், ‘தேவையான விதிகள்’ என்று இன்னோரிடத்திலும் சொல்ல இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. பிறகு அன்றாடப் பேச்சில் ‘நெசசரி’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் அலுவலகங்கள் மட்டும் பிரிட்டிஷ் காலக் கடித நடையோடு அதையும் சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கின்றன.

ஆனால் அவர் கேட்டதற்குக் காரணம் சொல்லின் வயது மட்டும் அல்ல. ‘த’ முன்னால் வந்ததும் ‘நீட்ஃபுல்’ பெயர்ச்சொல்லாகிவிடுகிறது: ‘செய்ய வேண்டியது’. எது செய்ய வேண்டியது என்பதை அந்தத் தொடர் சொல்வதில்லை. அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டும். பழைய அலுவலகத்தில் அதற்குக் குறையே இல்லை. கோப்பில் கோரிக்கை இருக்கும், விதி எண் இருக்கும், கீழே குமாஸ்தாவின் குறிப்பும் இருக்கும். மேலதிகாரியிடம் ‘இதைச் செய்யுங்கள்’ என்று ஏவாமல், முடிவை அவர் கையிலேயே விட்டுவிடும் பணிவான தொடர் அது. உங்கள் மெயிலில் அந்தக் கோப்பு எங்கே?

ஒரு உதாரணம். ‘சர்வரில் டிஸ்க் 92 சதவீதம் நிரம்பிவிட்டது, டூ த நீட்ஃபுல்’ என்று ஒரு டிக்கெட் (பிரச்சினையைப் பதிவு செய்யும் கோரிக்கை) வருகிறது. ஒரு அட்மின், சர்வரில் நடந்ததைப் பதிந்து வைக்கும் பழைய லாக் ஃபைல்களை அழிப்பார். இன்னொருவர் டிஸ்க்கைப் பெரிதாக்குவார், அடுத்த மாத பில் ஏறும். மூன்றாமவர் அலர்ட் வரும் அளவை 95க்கு உயர்த்திவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். மூவருமே ‘நீட்ஃபுல்’ செய்தவர்கள்தான்! ஆடிட்டுக்காக வைத்திருந்த லாக் அழிந்து போயிருந்தால், யார் அழிக்கச் சொன்னது என்பதற்கு மெயிலில் பதில் இருக்காது.

அதனால் அந்த ஒரு வரியின் இடத்தில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: யார், எதை, எப்போதுக்குள். ‘ரவி, 30 நாளுக்கு முந்தைய லாக்குகளை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு அழிக்கவும், வெள்ளி மாலை 5 மணிக்குள் முடித்து இந்த டிக்கெட்டில் தெரிவிக்கவும்’ என்ற பொருளில் எழுதினால் போதும், நீட்ஃபுல்லுக்கு வேலையே இல்லை. என்ன செய்வதென்று உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாதபோது அதையும் கேள்வியாகவே கேட்கலாம்: ‘அழிப்பதா, டிஸ்க்கைக் கூட்டுவதா, எது சரி?’

கேள்வி: எங்கள் மேனேஜர் ‘டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்’ என்றே எப்போதும் எழுதுகிறார்…
– வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: அதில் ‘நீட்ஃபுல்’ சாது, ‘ரிவர்ட்’தான் ஆபத்து. நம் ஊர் ஆங்கிலத்தில் அது ‘பதில் போடு’. வெளியூர்க்காரருக்கு ‘பழைய நிலைக்குத் திரும்பு’. கோட் எழுதுகிறவருக்கோ அது, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில் ஒரு கட்டளை. செய்த மாற்றத்தை ரத்து செய்யும். ரிலீஸ் அன்று புது ஆள் ஒருவர் அதைச் சொல் சொல்லாக எடுத்துக்கொண்டால் பாதி நாள் போய்விடும். ‘ரிப்ளை’ என்று எழுதச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நீட்ஃபுல், நீடி, நெசசரி – வித்தியாசம் என்ன?
– மாணவர், ராஜாஜிநகர்

பதில்: ‘நெசசரி’யை எங்கும் போடலாம். ‘நீட்ஃபுல்’ பொருளையோ செயலையோ குறிக்கும், இன்று ஆட்களுக்கு ஒட்டாது. ஏழை மாணவர்களுக்கு உதவி என்று நோட்டீஸ் அடிக்கும் சங்கங்கள் ‘நீட்ஃபுல் ஸ்டூடண்ட்ஸ்’ என்று போடுகின்றன. அங்கே ‘நீடி’ வர வேண்டும். அதே ‘நீடி’யை நண்பரைப் பார்த்துச் சொன்னால், எந்நேரமும் ஒட்டிக்கொண்டு நச்சரிக்கிறவர் என்று அர்த்தமாகிவிடும், ஜாக்கிரதை. ‘நீட்ஃபுல்’லின் கடைசியில் ஒரே ஒரு எல், இரண்டு எல் போடுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. ‘த’ இல்லாமல் ‘டூ நீட்ஃபுல்’, பன்மையில் ‘நீட்ஃபுல்ஸ்’ இரண்டுமே பிழை.

கேள்வி: மின் மீட்டரில் பெயர் மாற்ற பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுக்குக் கடிதம் எழுத வேண்டும். அங்கேயும் நீட்ஃபுல் கூடாதா?
– வாசகர், அல்சூர்

பதில்: அங்கே தாராளமாகப் போடலாம், அது அதன் பிறந்த வீடு மாதிரி. கன்னடத்தில் எழுதினால் ‘சூக்த க்ரம கைகொள்ளி’ என்று முடிப்பார்களே, அதே வேலைதான். ஆனால் கடைசி வரியாக மட்டும் வரட்டும். பில்லில் உள்ள ஆர்.ஆர். எண் (மின் இணைப்பின் எண்), அக்கவுண்ட் ஐடி, இப்போது இருக்கும் பெயர், மாற்ற வேண்டிய பெயர், இணைத்திருக்கும் நகல்களின் பட்டியல், உங்கள் போன் நம்பர் – இவ்வளவும் மேலே வந்துவிட வேண்டும். விஷயம் முழுக்க வந்த பிறகு ‘நீட்ஃபுல்’ வெறும் கும்பிடு. விஷயமே வராவிட்டால் கடிதம் ‘விவரம் தேவை’ என்று திரும்பி வரும்.

கேள்வி: தமிழில் இதற்கு ‘ஆவண செய்யவும்’ என்பது சரியா?
– வாசகி, ஜெயநகர்

பதில்: இரண்டு சுழி ‘ன’ போடுங்கள்: ஆவன செய்யவும். மூன்று சுழி போட்டால் பத்திரம் எழுதச் சொன்ன மாதிரி ஆகிவிடும்; ஆவணம் வேறு. ‘ஆவன’ என்பது ‘ஆவது’ என்பதன் பன்மை: ஆக வேண்டியவை. ஔவையின் ‘செய்வன திருந்தச் செய்’யில் வரும் ‘செய்வன’ இதே வார்ப்புதான். செய்ய வேண்டியதை ஒரே சொல்லில் அடக்கும் பழக்கம் நமக்குப் பழையது. செய்யத்தகாததைச் செய்தாலும் கெடும், ‘செய்தக்க செய்யாமை யானுங் கெடும்’ என்கிறது 466ஆம் குறள். அந்தச் ‘செய்தக்க’வை ‘நீட்ஃபுல்’ என்று மொழிபெயர்த்தால் கச்சிதமாக உட்காரும்.

கேள்வி: ‘நீட்ஃபுல்’ என்றால் பணம் என்றும் ஒரு அர்த்தமாமே?
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: ஆமாம், பழைய ஆங்கிலக் கொச்சையில் ‘த நீட்ஃபுல்’ என்றால் துட்டு. ‘கொஞ்சம் கவனிச்சுக்குங்க சார்’ என்று நம் பக்கத்தில் சொல்வதற்கும் இரண்டு அர்த்தம் உண்டே, அந்த ரகம்.